சாப்டர் 4-ல் ஒரு கம்பெனி குவார்ட்டர்ஸ்



இந்த வார எபிசோடைக் கேட்டவங்க கவனிச்சிருப்பீங்க. ரீமேக் கேம்களைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும்போது "நீ சமீபத்துல எதைத் திரும்ப விளையாடின?"ன்னு கேள்வி வந்தது. "ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக். ஆனா சாப்டர் 4-லயே நிக்குது"ன்னு சொன்னேன். "அவ்வளவு கஷ்டமான பாஸா?"ன்னு அடுத்த கேள்வி. சிரிச்சுச் சமாளிச்சிட்டேன்.

கஷ்டப்படுத்தினது பாஸ் இல்லை, ஒரு வீடு. மைக் முன்னாடி சொல்ல வரல. அதனால இங்க எழுதுறேன்.

ஒரு எச்சரிக்கை: 1997-ல வந்த கேமோட கதை கீழே நிறைய உடையும். ரீமேக்கோட கதையும் கொஞ்சம் உடையும். இன்னும் விளையாடாதவங்க கடைசிப் பகுதிக்கு மட்டும் நேரா போயிடலாம்.

கராமா, 1999

நான் பிறந்தது துபாயில, 1990-ல். அப்பா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி தென்காசியிலிருந்து வந்தவர். ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில ஸ்டோர் கீப்பர். கராமாவில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை இன்னொரு குடும்பத்தோடு ஷேரிங்கில் எடுத்திருந்தோம். கிச்சன் பொது, பாத்ரூம் பொது, ஹால் முறை வைத்து. வெள்ளிக்கிழமை காலை ஹால் எங்களுடையது. அப்பாவுக்கு வாரத்தில் லீவு அந்த ஒரு நாள்தான்.

எங்க பிளேஸ்டேஷன் கடையில் வாங்கினது இல்லை. மேல் மாடியில் இருந்த ஒரு குடும்பம் விசா கேன்சலாகி ஊருக்குப் போனபோது வீட்டையே விற்றுவிட்டுப் போனார்கள். கல்ஃபில் வளர்ந்த எல்லாருக்கும் அந்தக் காட்சி தெரியும். சோபாவில் ஒரு விலைச் சீட்டு, ஃபிரிட்ஜில் ஒரு விலைச் சீட்டு, ரைஸ் குக்கரை "சும்மா எடுத்துக்கோங்க அக்கா" என்று கையில் திணிப்பது. அப்படி வந்ததுதான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. ஏற்கெனவே சிப் போட்டது, அதாவது காப்பி சிடியும் ஓடும். இரண்டு கன்ட்ரோலர், ஒரு மெமரி கார்டு.

அந்த மெமரி கார்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாகணும். இப்போ நம்ம சேவ் எல்லாம் கிளவுடில் இருக்கு, யாரும் யோசிக்கிறதே இல்லை. அப்போ ஒரு கார்டின் மொத்தக் கொள்ளளவு 128 கிலோபைட். அதை 15 பிளாக்காகப் பிரித்திருப்பார்கள். நாம இப்போ வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற ஒரு குட்மார்னிங் படம்கூட அதுக்குள் அடங்காது. எங்களுக்கு வந்த கார்டில் 9 பிளாக் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மேல் மாடிப் பையனுடைய சேவ்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ஃபைனல் ஃபேன்டசி 7.

அழித்துவிட்டு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அண்ணனுக்கு அப்போ 16 வயது. "ஏட்டி, அவன் திரும்பி வந்தா கேப்பான்லா" என்றான். அவன் திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்த 9 பிளாக்கை நாங்கள் கடைசிவரை தொடவில்லை. மிச்சம் இருந்த ஆறிலேயே ஓட்டினோம்.

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அண்ணன் கேமைத் தேடிப் போனான். மூணு டிஸ்க், ஒவ்வொன்றும் பத்து திர்ஹம், பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் எடுத்த கவர். கையில் இருந்த காசுக்கு இரண்டு டிஸ்க்தான் வந்தது. மூணாவது அடுத்த பெருநாளுக்கு.

விளையாட்டு என்னவென்றால்

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. மிட்கார் என்று ஒரு பெரிய நகரம். அதை நடத்துவது அரசாங்கம் இல்லை, ஷின்ரா என்கிற மின்சாரக் கம்பெனி. பூமிக்குள் ஓடும் மாக்கோ என்கிற சக்தியை ரியாக்டர் வைத்து உறிஞ்சி விற்கிறார்கள். நகரம் இரண்டு அடுக்கு. தூண்கள் மேல் தாங்கிய இரும்புத் தட்டு ஒன்று, அதன் மேல் வசதியானவர்களும் கம்பெனி ஆட்களும். தட்டுக்கு அடியில் சேரி, அங்கே வானம் தெரியாது. அவலாஞ்ச் என்கிற சின்னக் குழு ரியாக்டருக்குக் குண்டு வைக்கப் போகிறது. கூலிக்கு வந்த வாள்வீரன் கிளவுட் அவர்களோடு ரயிலிலிருந்து குதிக்கிறான். ஆரம்பம் அதுதான்.

ஜப்பானில் 1997 ஜனவரி 31-ல் வெளியானது. அமெரிக்காவில் அதே வருஷம் செப்டம்பர், ஐரோப்பாவில் நவம்பர். தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சி, இயக்குநர் யோஷினோரி கிடாசே, பாத்திர வடிவமைப்பு டெட்சுயா நொமுரா, இசை நொபுவோ உவேமாட்சு. அதுவரை நின்டெண்டோவுக்கே இந்தத் தொடரைக் கொடுத்துவந்த ஸ்கொயர் கம்பெனி, கேட்ரிட்ஜில் இடம் பத்தாது என்று சோனி பக்கம் வந்ததும் இந்தக் கேமுக்காகத்தான். ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. எங்களுடைய காப்பி அந்தக் கணக்கில் இல்லை, மன்னிக்கவும்.

குரல் கிடையாது, எல்லாம் எழுத்துதான். நான் ஆங்கிலம் வேகமாக வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த நீலப் பெட்டியில்தான். அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் ஏராளம். ஓர் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று ஏரித் சொல்கிற வரியில் 'இஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்' வரும். உலகம் முழுக்க அந்த வரி இன்னிக்கும் ஜோக். நான் அதை அப்படியே கிளாஸ் டெஸ்டில் எழுதி அரை மார்க் இழந்தேன்.

ஏரித் என்றதும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். டிஸ்க் 1-ன் கடைசியில் அவள் இறந்துபோவாள். நம்ம டீமில் இருக்கிற, நாம லெவல் ஏற்றி, ஆயுதம் வாங்கிக் கொடுத்து வளர்த்த ஒரு பெண். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "காப்பி டிஸ்க்கில் ஏதோ ஃபால்ட்." மெஷினை அணைத்துப் போட்டோம். மறுபடி அதே. வேறு ஆட்களை டீமில் வைத்துப் பார்த்தோம். மறுபடி அதே. டிஸ்க்கை அம்மாவின் புடவை முந்தானையில் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். மூணாவது தடவைதான் அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு பால்கனிக்குப் போனான். 16 வயசுப் பையன், தங்கச்சி முன்னாடி அழக்கூடாது என்று.

"சம்பளம் எவன் குடுப்பான்?"

அப்பா கேமைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு தினத்தந்தியோடு பின்னால் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேப்பரும் இரண்டு மூணு நாள் பழசாத்தான் இருக்கும். ஒருநாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"இவன் எதுக்கும்மா அந்த மெஷினை உடைக்கான்?"

"அது கெட்ட கம்பெனிப்பா. பூமியை உறிஞ்சுது."

"என்ன கம்பெனி?"

"கரண்ட் கம்பெனி."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுல எத்தனை பேர் வேலை பாக்கான்?"

தெரியாது என்றேன்.

"கம்பெனியை உடைச்சிட்டா சம்பளம் எவன் குடுப்பான்?"

அண்ணன் சிரித்துவிட்டான். எங்க வீட்டில் அது ரொம்ப வருஷம் ஓடிய ஜோக். எந்தப் படத்தில் ஹீரோ ஃபேக்டரிக்குத் தீ வைத்தாலும் யாராவது ஒருத்தர் "சம்பளம் எவன் குடுப்பான்?" என்போம்.

மூணாவது டிஸ்க் கடைசியில் வந்தது. போட்டால் கறுப்புத் திரை. மாற்றிக் கேட்கப் போனபோது கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. 2001 ஆகஸ்டில் அண்ணன் இன்ஜினியரிங் படிக்க ஊருக்குப் போனான். அந்தக் காலச் சட்டப்படி மகனை அப்பா தன் விசாவில் வைத்துக்கொள்ள வயது வரம்பு 18. மகளுக்கு அப்படி இல்லை, கல்யாணம் ஆகும்வரை இருக்கலாம். 2022-ல்தான் மகன்களுக்கு அது 25 ஆனது. அண்ணன் 21 வருஷம் முன்னாடியே பிறந்துவிட்டான். கேம் முடியாமலே நின்றது.

ரீமாஸ்டர் வேறு, ரீமேக் வேறு

எபிசோடில் வேகமாகக் கடந்துபோன விஷயத்தை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லிடறேன், நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

ரீமாஸ்டர் என்பது பழைய பில்டிங்குக்குப் பெயிண்ட் அடிப்பது. அஸ்திவாரம் அதே, படிக்கட்டு அதே, லிஃப்ட் அதே சத்தம் போடும். 2025 ஏப்ரலில் வந்த ஒப்லிவியன் ரீமாஸ்டர்ட் அப்படித்தான். கண்ணில் படுவது அன்ரியல் எஞ்சின் 5, அடியில் ஓடுவது 2006-ன் பழைய எஞ்சின். ரீமேக் என்பது பில்டிங்கை இடித்துவிட்டு அதே பெயரில், அதே மூலையில் புதுசாகக் கட்டுவது. 2019-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 அந்த வகை. எங்க கராமா பில்டிங்கும் இப்போ அந்த வகைதான். இரண்டு மாடி இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட வேறு ஒன்று நிற்கிறது.

ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் இந்த இரண்டிலும் சேராத ஜாதி. 2015 ஜூனில் அறிவித்தார்கள், 2020 ஏப்ரல் 10-ல் வெளியிட்டார்கள். இயக்குநர் நொமுரா, அதாவது அன்றைக்குப் பாத்திரங்களை வரைந்தவரே. பழைய இயக்குநர் கிடாசே இப்போ தயாரிப்பாளர். பழைய கேமில் மிட்கார் நகரம் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதுசில் அந்த நகரம் மட்டுமே முழு கேம். முப்பது நாற்பது மணி நேரம், இரண்டு ப்ளூ-ரே டிஸ்க். ஒரு முறை நீ அடி, ஒரு முறை நான் அடி என்று காத்திருந்த சண்டை இப்போ ஓடி ஓடி வெட்டுகிற சண்டை. ஆனால் ஏ.டி.பி. கோடு நிரம்பினால்தான் மேஜிக், அயிட்டம் எதுவும். பழைய பொறுமையைப் புது வேகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அதைவிட விசித்திரம் விஸ்பர்ஸ். கறுப்புத் துணி பறப்பது மாதிரிப் பேய்கள். கதை 1997-ல் போன பாதையிலிருந்து விலகப் பார்த்தால் வந்து சூழ்ந்துகொள்ளும், பழைய பாதைக்கே தள்ளும். சாகவேண்டியவன் சாகணும், போகவேண்டியவன் போகணும். எழுதி வைத்ததைக் காவல் காக்கிற பேய்கள். பழைய ரசிகர்களைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று சில பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அது கேமைப் பற்றிய விஷயமாகவே தோன்றவில்லை. நம்ம எல்லாருடைய வீட்டிலும் கடைசி சீன் எழுதி வைத்ததுதானே. எத்தனை வருஷம் இருந்தாலும், எந்த ஸ்கூலில் படித்தாலும், "ஊருக்குப் போகணும்" என்பதில்தான் முடியும். யார் விலகப் பார்த்தாலும் ஒரு கறுப்புத் துணி வந்து சுற்றும்.

2020 ஏப்ரல்

ரீமேக் வெளியான வாரத்தில் துபாய் முழுசாகப் பூட்டியிருந்தது. ஏப்ரல் 4 இரவு 8 மணியிலிருந்து 24 மணி நேரக் கட்டுப்பாடு. மளிகைக்குப் போகணும் என்றாலும் வெப்சைட்டில் பெர்மிட் எடுக்கணும். நாங்கள் அப்போ அல் குசைஸில் இருந்தோம். எனக்கு வேலை வீட்டிலிருந்தே. அப்பாவுக்கு வேலை இல்லை. சைட் மூடிவிட்டார்கள், "கூப்பிடுவோம்" என்றார்கள். அண்ணன் டொரான்டோவில். உலகம் முழுக்கக் கடைகள் மூடிக் கிடந்ததால் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் டிஸ்க்குகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தது. எனக்கு டிஸ்க் வேண்டாம், டவுன்லோட். இந்த முறை காசு கொடுத்து. 21 வருஷக் கடன்.

அந்த முதல் இரவு பற்றி நிறையச் சொல்லலாம். ரயில் வந்து நிற்கிற அந்த முதல் காட்சியில், பழைய கேமின் இசை முழு ஆர்கெஸ்ட்ராவாக எழுந்தபோது நான் வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் ஒரே ஒரு வார்த்தை பதில் போட்டான்: "பால்கனி."

அந்த வேகத்தில் மூன்று நாளில் முடித்தேன். சாப்டர் 4-ஐக் கடந்து போனது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் எதிர்பார்த்த அழைப்பு இல்லை. 31 வருஷம், கேன்சலேஷன், ஃபைனல் செட்டில்மென்ட். அப்பா சாப்பாட்டு மேஜையில் கேல்குலேட்டரோடு உட்கார்ந்தார். கிராஜுவிட்டி கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கணும், தெரியலைன்னா உங்க அப்பாகிட்ட இன்னிக்கே கேளுங்க. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதுக்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். அப்பாவுக்கு 105-ம் 780-ம் சேர்த்து 885 நாள். ஆனால் சட்டப்படி மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஃபைனல் ஃபேன்டசியில் எவ்வளவு பலமாக அடித்தாலும் 9999-க்கு மேல் எண் ஏறாது. அது மாதிரி. கடைசி ஐந்து வருஷம் அப்பா அடித்த அடி எதிலும் ஏறவில்லை.

அப்பா கணக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கழுத்திலிருந்து கம்பெனி ஐடி கார்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதைத் திருப்பிக் குடுக்கணுமாம். ஒரு கலர் காப்பி எடுத்துத் தாயேன்."

வீட்டில் ஸ்கேனர் இருந்தது. போனிலேயே எடுத்திருக்கலாம். பத்து நொடி வேலை. எனக்கு அடுத்து ஒரு மீட்டிங் இருந்தது, இரவுக்கு ஒரு சாப்டர் இருந்தது. "எதுக்குப்பா, அது இனிமே எந்தக் கதவையும் திறக்காது" என்றேன்.

டெக்னிக்கலா நான் சொன்னது சரி. ஆக்சஸ் ஏற்கெனவே நிறுத்தியிருப்பார்கள்.

அப்பா "அதுவும் சரிதான்" என்றார். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மே 7-ல் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின. பேர் பதிந்து காத்திருந்து, ஜூலையில் அப்பாவும் அம்மாவும் மாஸ்க்கும் முகத்துக்கு முன் பிளாஸ்டிக் ஷீல்டுமாகக் கிளம்பிப் போனார்கள். இந்த முறை சோபாவில் விலைச் சீட்டு ஒட்டியது நான்.

ஜெஸ்ஸியின் வீடு

2024 பிப்ரவரி 29-ல் இரண்டாம் பாகம் ரீபர்த் வந்தது, விளையாடினேன். இப்போ மூணாவது பாகத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் முதல் பாகத்தை மறுபடி ஆரம்பித்தேன். இப்போ நான் இருப்பது ஒரு ஸ்டுடியோ ஃப்ளாட். அவசரம் இல்லை. ஒவ்வொரு தெருவாக நடந்தேன்.

சாப்டர் 4-ல் ஜெஸ்ஸி வருகிறாள். அவலாஞ்சில் வெடிகுண்டு செய்கிறவள். 1997-ல் அவளுக்கு மொத்தமே சில வரிகள்தான், ஏழாவது தட்டு விழும்போது செத்துப்போவாள், நாம அடுத்த சண்டைக்குப் போய்விடுவோம். ரீமேக்கில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். தட்டுக்கு மேலே, ஷின்ரா ஊழியர்களுக்கான குடியிருப்பு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். வாசலில் அம்மா. வந்தவர்களுக்கு பீட்சா சுட்டுப் போடுகிறாள். மகள் நடிகையாகணும் என்று கோல்ட் சாசருக்குப் போனவள். முதல் முறை முக்கியப் பாத்திரம் கிடைத்த நேரத்தில், அப்பா வேலையிடத்தில் மயங்கி விழுந்தார், மாக்கோ விஷம் ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. அதிலிருந்து அவர் படுக்கையில். கண் திறப்பதில்லை.

நமக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? மற்றவர்கள் முன்னறையில் அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருக்க, கிளவுட் பின்வாசல் வழியாகப் போய் அப்பாவின் அறையில் இருக்கிற கம்பெனி ஐடி கார்டை எடுத்து வரணும். கம்பெனிக் கிடங்குக்குள் நுழைய அது வேண்டும். அது இன்னும் கதவைத் திறக்கும்.

2020-ல் நான் அந்த அறையில் எத்தனை நொடி நின்றிருப்பேன்? பத்து? உள்ளே போ, பட்டனை அமுக்கு, வெளியே வா. இந்த முறை உள்ளே போனேன், அப்புறம் நகர முடியவில்லை. கட்டில். அசையாமல் படுத்திருக்கிற ஒரு கம்பெனி ஆள். அவருடைய கார்டு. முன்னறையிலிருந்து சாப்பாட்டுச் சத்தம். திரையின் ஓரத்தில் எந்தப் பட்டனை அமுக்கணும் என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"அதுல எத்தனை பேர் வேலை பாக்கான்?"

1999-ல் எங்களிடம் பதில் இல்லை. கேமிலும் இல்லை, ஷின்ரா என்றால் கோட் போட்ட முதலாளிகளும் முகம் மறைத்த சிப்பாய்களும்தான். 23 வருஷம் கழித்து, அதே ஆட்கள், அதே கேமைத் திரும்பக் கட்டும்போது அப்பாவின் கேள்விக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பெனி கெட்டது என்பதை மாற்றவில்லை. ஆனால் கெட்ட கம்பெனிக்கும் யாரோ ஒருத்தர் 30 வருஷம் போய்வந்திருப்பார், அவருக்கு ஒரு கார்டு இருக்கும், அந்தச் சம்பளத்தில் ஒரு பெண் கனவு கண்டிருப்பாள் என்று காட்டியிருக்கிறார்கள். பிறகு ஷின்ரா கீழே தள்ளுவது அந்த ஏழாவது தட்டைத்தான் என்பதும் நமக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது.

ரீமேக் எல்லாம் பழைய ஞாபகத்தை விற்கிற வியாபாரம் என்று எபிசோடில் நானே சொன்னேன். பாதி உண்மைதான். ஆனா இந்த வீடு என் ஞாபகத்தில் இருந்தது இல்லை. பழைய கேமில் இந்த இடமே கிடையாது. இங்கே எனக்கு நினைவுக்கு வந்தது கேமைச் சேர்ந்தது எதுவும் இல்லை.

கன்ட்ரோலரை வைத்துவிட்டு ஊருக்குப் போட்டேன். போடிம்தான், இங்கே வாட்ஸ்ஆப்பில் பேச முடியாதே. அப்பா தோட்டத்தில் இருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, அன்னிக்கு ஐடி கார்டு காப்பி எடுத்துத் தரச் சொன்னீங்கல்லா. நான் எடுக்கல."

"எந்தக் கார்டும்மா?"

"கம்பெனி கார்டு. கடைசியா திருப்பிக் குடுத்தது."

"ஓ அதா." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். "1147. கேட்ல வாட்ச்மேன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவான். பேரு அவனுக்கு வராது."

"சாரிப்பா. எடுத்திருக்கணும்."

அப்பா பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். "எடுத்திருந்தா அம்மாகிட்டக் காட்டிட்டு இருந்திருப்பேன்" என்றார். அப்புறம் கேமராவைத் திருப்பினார். மோட்டார் ரூம் கதவு. பூட்டில் தொங்கும் சாவியில் நீல நாடா ஒன்று, எழுத்து பாதி அழிந்திருந்தது. "கார்டை மட்டுந்தான் கேட்டான். கயிறைக் கேக்கல."

பிறகு, என்ன செய்துகொண்டிருந்தாய், எதுக்கு இப்போ இது ஞாபகம் வந்தது என்று கேட்டார். சொன்னேன். கராமாவில் விளையாடின அதே கேம்தான், புதுசா எடுத்திருக்காங்க என்று.

"அந்தக் கரண்ட் கம்பெனி இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. இன்னும் ஒரு பார்ட் இருக்கு."

"அந்த ஆளுக்கு செட்டில்மென்ட் குடுத்தானா?"

அதைக் கேம் சொல்லவில்லை என்றேன். "குடுத்திருக்க மாட்டான்" என்றார் அப்பா. மோட்டார் போடணும் என்று வைத்துவிட்டார்.

நான் இன்னும் அந்த அறையிலேயே சேவ் செய்து வைத்திருக்கிறேன். எப்படியும் கார்டை எடுக்கத்தான் வேண்டும், எடுக்காமல் கதை நகராது. இந்த வார இறுதியில் எடுப்பேன்.

நீங்க ஆரம்பிக்கணும்னா

பலர் எபிசோடுக்கு அப்புறம் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீங்க.

முடிந்தால் 1997-ன் மூல கேமை முதலில் விளையாடுங்க. பிசி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், போன் எல்லாத்திலும் இருக்கு. கன்சோல் பதிப்பில் மூணு மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி உண்டு, அடிக்கடி வருகிற சண்டைகளை நிறுத்தியும் வைக்கலாம். முகங்கள் லெகோ பொம்மை மாதிரி இருக்கும், அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். விஸ்பர்ஸ் எதைக் காவல் காக்கிறது என்பது மூலக் கதை தெரிந்தால்தான் புரியும்.

ரீமேக் வாங்கும்போது இன்டர்கிரேட் பதிப்பைப் பார்த்து வாங்குங்க. அதில் யூஃபி என்கிற பெண்ணின் தனிக் கதையும் சேர்ந்திருக்கு. வேகமான சண்டை பிடிக்காதவங்க கிளாசிக் மோடைப் போட்டுக்கலாம். கிளவுட் தானாக வெட்டிக்கொண்டிருப்பான், நாம கட்டளை மட்டும் கொடுத்தால் போதும்.

சாப்டர் 4-ல் அவசரப்படாதீங்க.

இன்னொன்று. உங்க வீட்டில் பழைய கார்டு எதுவும் இருக்கா? லேபர் கார்டு, நம்ம வீடுகளில் சொல்கிற பத்தாக்கா, கம்பெனி ஐடி, கேட் பாஸ், எதுவானாலும். இந்த வாரம் போனில் ஒரு படம் எடுத்து வையுங்க, முன்னும் பின்னும். 128 கிலோபைட்டுக்குள் அடங்காது, ஆனா இப்போ இடம் இருக்கு. படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், அதில் நம்பர் எல்லாம் இருக்கும். அந்தக் கார்டு எந்தக் கதவைத் திறந்தது என்று உங்க அப்பாவையோ அம்மாவையோ கேட்டு, அந்தக் கதையை மட்டும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதை வாசிக்கிறோம்.

மேல் மாடிப் பையனே, இதை நீ வாசித்தால்: உன் 9 பிளாக்கும் பத்திரமா இருக்கு. கார்டு அண்ணன் கையில், டொரான்டோவில்.

அடுத்த வாரம் பார்ப்போம்.